இடம் விட்டவருக்கு என்ன கிடைத்தது? பார்சிலோனா 2016: ஹாமில்டன்–ரோஸ்பெர்க் மோதல், ஒரு நிகழ்வு ஆய்வு

2016 மே 15. ஸ்பெயின் கிராண்ட் பிரீ தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பார்சிலோனா-கட்டலுன்யா தடத்தின் நான்காம் வளைவுக்கு வெளியே, சரளைப் பரப்பில், மெர்சிடிஸ் அணியின் இரண்டு கார்களும் நொறுங்கிக் கிடந்தன. முதல் வரிசையில் அருகருகே நின்று புறப்பட்ட லூயிஸ் ஹாமில்டனும் நிகோ ரோஸ்பெர்க்கும் ஒருவரையொருவர் பந்தயத்தில் இருந்தே வெளியேற்றியிருந்தார்கள். வெற்றி ரெட் புல் அணிக்காக முதல்முறை ஓட்டிய 18 வயது மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குப் போனது. ஃபார்முலா 1 வரலாற்றில் அவ்வளவு இளம் வயதில் எவரும் வென்றதில்லை.

தவறு யாருடையது என்ற கேள்வி அன்று மாலையே எழுந்தது, இன்றும் ஓயவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதைவிடப் பெரிய பொறுப்பு வேறொரு இடத்தில் இருக்கிறது என்று நம்புகிறேன். அந்த அணி தன் இரு ஓட்டுநர்களுக்கும் வைத்திருந்த அடிப்படை விதி "ஒருவர்மீது ஒருவர் மோதக் கூடாது" என்பது. கேட்பதற்கு இதைவிட நியாயமான விதி இருக்க முடியாது. நடைமுறையில் அது விலகிக்கொடுப்பவரைத் தண்டித்து, விலகாதவருக்குப் பரிசு கொடுத்தது.

மூன்றாம் வளைவில் இருந்து நான்காம் வளைவு வரை

ஹாமில்டன் போல் பொசிஷனில், அதாவது எல்லாருக்கும் முன்னால் புறப்படும் இடத்தில், இருந்தார். நீண்ட நேர்ப்பாதையில் அவருடைய காருக்குப் பின்னால் காற்றெதிர்ப்பு குறைந்திருக்கும் காற்றிழுப்பில் ஒட்டிக்கொண்டு வந்த ரோஸ்பெர்க், முதல் வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றிவந்து முந்தினார். அப்பழுக்கில்லாத முந்தல் அது. ஹாமில்டனும் இடம் விட்டார். இரண்டாம் வளைவு கடந்தது. மூன்றாம் வளைவு வலப்பக்கம் நெடுக வளைந்து மேடேறும் ஒன்று. அதில் இருந்து வெளியேறும் கார் இயல்பாகவே தடத்தின் இடது ஓரத்துக்குத் தள்ளப்படும். அடுத்து வரும் நான்காம் வளைவும் வலது திருப்பம்தான். ஆகவே முந்த நினைப்பவர் நாடுவது வலப்பக்கத்தை. காக்க நினைப்பவர் அடைப்பதும் அதே பக்கத்தை.

அங்கேதான் சிக்கல் வந்தது. ரோஸ்பெர்க்கின் கார் தவறான எஞ்சின் அமைப்பில் இருந்தது. பந்தயம் தொடங்கும் முன் ஓட்டும் அணிவகுப்புச் சுற்றுக்குப் பிறகு ஸ்டியரிங்கில் மாற்றியிருக்க வேண்டிய திருகி மாற்றப்படவில்லை. அந்தக் கால ஹைப்ரிட் கார்களில் மின்மோட்டார் மட்டும் 120 கிலோவாட் வரை, அதாவது சுமார் 160 குதிரைத்திறன், கூடுதலாகத் தர முடியும். மூன்றாம் வளைவை விட்டு வெளியேறியபோது ரோஸ்பெர்க்குக்கு அந்த உந்துதல் கிடைக்கவில்லை. காரின் பின்புறச் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கியது. மின் உந்துதல் இல்லாமல் கார் தளர்கிறது என்று பின்னால் வருபவரை எச்சரிக்கும் விளக்கு அது. ஹாமில்டன் அதைப் பார்த்தார்.

இரு கார்களுக்கும் இடையே இருந்த வேக வித்தியாசம் மணிக்குச் சுமார் 17 கி.மீ. என்று அப்போது சொல்லப்பட்டது. இதை மீட்டரில் மாற்றிப் பார்த்தால்தான் அந்தக் கணத்தின் கொடுமை புரியும். நொடிக்கு ஏறக்குறைய 4.7 மீட்டர். ஒரு ஃபார்முலா 1 காரின் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர். ஒவ்வொரு நொடியும் இடைவெளி ஒரு காரின் நீளம் அளவுக்குச் சுருங்கிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் ரோஸ்பெர்க் தன் கார் ஏன் இழுக்கவில்லை என்று உணர்ந்து, அதைச் சரிசெய்யும் பொத்தானை அழுத்தி, வலப்பக்கத்தை அடைக்கவும் திரும்பினார். ஹாமில்டன் வலப்பக்கம் இருந்த வெளிக்குள் ஏற்கெனவே நுழைந்திருந்தார். வெளி மூடியது. ஹாமில்டனின் சக்கரங்கள் புல்லில் ஏறின. புல்லில் பிடிமானம் ஏது? கார் சுழன்று, நான்காம் வளைவுக்குப் பிரேக் பிடித்துக்கொண்டிருந்த ரோஸ்பெர்க்கின் மீது பாய்ந்தது.

அன்றைய விளையாட்டு விதி இதைப் பற்றித் தெளிவாகவே பேசியது. நேர்ப்பாதையில் தன் இடத்தைக் காக்கும் ஓட்டுநர், முதல் நகர்வில், தடத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். முந்த வருபவரின் காரில் குறிப்பிடத்தக்க பகுதி பக்கவாட்டில் வந்துவிட்டால் மட்டும் அந்த உரிமை போய்விடும். குறிப்பிடத்தக்க பகுதி எது என்பதற்கும் அளவு உண்டு: பின்னால் வரும் காரின் முன் இறக்கையில் எந்தப் பகுதியாவது, முன்னால் போகும் காரின் பின்சக்கரத்துக்கு இணையாக வந்திருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மறுபடியும் காணொளியைப் பார்த்தால் இருவர் பக்கமும் வாதம் நிற்கிறது. ரோஸ்பெர்க் திரும்பத் தொடங்கியபோது ஹாமில்டன் பின்னால்தான் இருந்தார். ஆகவே அடைக்கும் உரிமை ரோஸ்பெர்க்குக்கு இருந்தது. ரோஸ்பெர்க் திரும்பி முடிப்பதற்குள் ஹாமில்டனின் முன் இறக்கை பக்கவாட்டில் வந்துவிட்டது. ஆகவே தனக்கு இடம் உண்டு என்று ஹாமில்டன் நினைத்ததும் நியாயம். நடுவர்கள் இருவரையும் அழைத்து விசாரித்து, முழுத் தவறோ பெரும்பகுதித் தவறோ எவர்மீதும் இல்லை என்று முடித்தார்கள். தண்டனை கிடையாது.

இந்தத் தீர்ப்பைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சரியான தீர்ப்பு. விதி கேட்பது ஒரு நிலையான படத்தை. நடந்ததோ நொடிக்கு ஒரு கார் நீளம் மாறிக்கொண்டிருந்த ஒன்று. அணிக்குள், அதன் செயல்சாராத் தலைவர் நிக்கி லாடா உடனடியாக ஹாமில்டனைச் சாடினார். அணித் தலைவர் டோட்டோ வுல்ஃப் எவர்மீதும் பழி போட மறுத்தார். விதிப்புத்தகத்தின் அளவில் வுல்ஃப் செய்தது சரி.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வேறு அணிக் காராக இருந்தால் ஹாமில்டன் வேகமிதியில் இருந்து கால் எடுத்திருக்கலாம், ரோஸ்பெர்க் சற்று இடம் விட்டிருக்கலாம். ஒரே அணிக்குள், மோதக் கூடாது என்ற விதி இருந்தும், ஏன் இருவரும் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை? இதற்கு விடை தேட இரண்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

பஹ்ரைனில் இருந்து ஆஸ்டின் வரை

சிறுவர்களாக கார்ட் பந்தயத்தில் ஒரே அணியில் ஓட்டியவர்கள் இவர்கள். 2014 முதல் 2016 வரை மெர்சிடிஸ் 59 பந்தயங்களில் 51-ஐ வென்றது. அந்த மூன்று ஆண்டுகளில் உலகப் பட்டத்துக்கான போட்டி என்றால் பெரும்பாலும் இந்த இருவருக்கு இடையிலான போட்டிதான். சக ஓட்டுநரிடம் இழக்கும் ஒவ்வொரு இடமும் நேராகப் பட்டத்தில் இருந்து கழிந்தது.

தொடக்கம் அழகாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது. 2014 ஏப்ரல் 6 அன்று பஹ்ரைனில் இவர்கள் ஓட்டிய பந்தயத்தை, ஒரே அணி ஓட்டுநர்கள் எப்படிப் போராட வேண்டும் என்பதற்குப் பாடமாகவே வைக்கலாம். ரோஸ்பெர்க் முதல் வளைவில் உட்பக்கமாகப் பாய்வார். ஹாமில்டன் அவரைப் பாயவிட்டு, தான் சற்று அகலமாகச் சென்று, வெளியேறும் இடத்தில் குறுக்காக வெட்டி, நான்காம் வளைவுக்குள் இடத்தைத் திரும்பப் பிடிப்பார். இது ஒருமுறை அல்ல, பலமுறை நடந்தது. விபத்துக்குப் பின் எல்லாரையும் மெதுவாக நடத்திச் செல்லும் பாதுகாப்பு கார் வந்தபோது, இரண்டு கார்களையும் பத்திரமாகக் கொண்டுவாருங்கள் என்று தொழில்நுட்பத் தலைவர் பாடி லோவ் இருவருக்கும் வானொலியில் சொன்னார். போராட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. பாதுகாப்பு கார் விலகிய பிறகு, கடைசிப் பத்துச் சுற்றுகளில், மென்மையான டயர் வைத்திருந்த ரோஸ்பெர்க் மறுபடியும் மறுபடியும் பாய்ந்தார். ஹாமில்டன் 1.085 நொடியில் வென்றார்.

அது ஏன் பிசகாமல் நடந்தது? இருவரும் நல்லவர்களாக இருந்ததால் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தத் தடத்தின் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் வளைவில் இடத்தை விட்டவருக்கு அடுத்த வளைவில் அதைத் திரும்பப் பெற வழி இருந்தது. விட்டுக்கொடுப்பதற்கு விலை குறைவாக இருந்ததால் இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். சக்கரத்தோடு சக்கரம் உரசும் போராட்டத்தில் நியாயம் என்பதே இதுதான் என்று நினைக்கிறேன்: இடம் விடுபவர் அதனால் மட்டுமே தோற்றுவிடக் கூடாது.

அதே ஆண்டு ஆகஸ்டில் பெல்ஜியத்தில் அந்த நிலை குலைந்தது. இரண்டாம் சுற்றில், லெ கோம்ப் வளைவில், வெளிப்பக்கம் இருந்த ரோஸ்பெர்க் பின்வாங்கவில்லை. அவருடைய முன் இறக்கை ஹாமில்டனின் இடது பின் டயரைக் கிழித்தது. நடுவர்கள் நடவடிக்கை எடுக்கவில்லை. விலகியிருக்க முடியும், ஒன்றை நிரூபிக்கவே விலகவில்லை என்ற பொருள்பட அணிக் கூட்டத்தில் ரோஸ்பெர்க் பேசியதாக ஹாமில்டன் வெளியே வந்து சொன்னார். சில நாட்களில் ரோஸ்பெர்க் மன்னிப்புக் கேட்டார். ஒழுங்கு நடவடிக்கை எடுத்ததாக அணி அறிவித்தது.

அறிவித்தது சரி, கணக்கு என்ன ஆனது? ஹாமில்டன் அந்தப் பந்தயத்தை முடிக்கவில்லை. ரோஸ்பெர்க் இரண்டாவது வந்து 18 புள்ளிகள் பெற்றார். அவருடைய முன்னிலை 11 புள்ளியில் இருந்து 29 ஆனது. அணி என்ன தண்டனை கொடுத்திருந்தாலும் அந்த 18 புள்ளிகள் அவரிடமே இருந்தன. அந்த ஆண்டின் பட்டத்தைக் கடைசியில் ஹாமில்டன் வென்றார் என்பதால் இந்தக் கணக்கின் அநியாயம் குறைந்துவிடாது.

2015-இல் காற்று திசை மாறியது. செப்டம்பரில் ஜப்பானின் சுசுகாவில் ரோஸ்பெர்க் போல் பொசிஷனில் இருந்தார். ஹாமில்டன் முதல் வளைவில் உட்பக்கம் பிடித்து, இரண்டாம் வளைவில் அகலமாக வெளியேறினார். வெளிப்பக்கம் இருந்த ரோஸ்பெர்க் தடத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, இடங்களை இழந்தார். அக்டோபரில் அமெரிக்காவின் ஆஸ்டினில் இன்னும் கடுமையாக அதுவே நடந்தது: ஈரமான தடம், முதல் வளைவு, உட்பக்கம் ஹாமில்டன், வெளிப்பக்கம் ரோஸ்பெர்க். இந்த முறை கார்கள் உரசின, ரோஸ்பெர்க் தடத்தை விட்டே வெளியேறினார். ஈரத்தில் கார் திரும்பவில்லை என்றார் ஹாமில்டன். எல்லை மீறிவிட்டார் என்றார் ரோஸ்பெர்க். நடுவர்கள் தலையிடவில்லை. அன்றுதான் ஹாமில்டன் மூன்றாம் முறையாக உலகப் பட்டம் வென்றார்.

உட்பக்கம் முன்னால் இருக்கும் ஓட்டுநருக்குத் தன் பாதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. சுசுகாவை அதன்படி ஏற்கலாம். ஆஸ்டின் அதைத் தாண்டியது; பக்கத்தில் ஒரு கார் இருப்பது தெரிந்தும் தடத்தின் விளிம்பு வரை அகலமாகப் போவது, "நீ விலகு, இல்லையேல் இருவரும் போவோம்" என்று சொல்வதற்குச் சமம். அப்படிச் சொல்ல ஹாமில்டனால் முடிந்ததற்குக் காரணம் ரோஸ்பெர்க் விலகுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததுதான். பெல்ஜியத்துக்குப் பிறகு அணியின் கண் ரோஸ்பெர்க்கின் மேல்தான் இருந்தது. இன்னொரு முறை மோதினால் பழி அவர்மேல் விழும்.

"மோதாதே" என்ற விதியின் கோணல்

இரண்டு கார்கள் ஒரே வளைவுக்குள் நுழைகின்றன. உட்பக்கம் இருப்பவர் அகலமாகப் போனால் வெளிப்பக்கம் இருப்பவருக்கு இரண்டே வழி: தடத்தை விட்டு வெளியேறுவது, அல்லது மோதுவது. அணியின் விதி மோதலை மட்டும் குற்றமாக வைத்திருக்கிறது. அப்படியானால் மோதலைத் தடுக்கும் முழுச் சுமையும் வெளிப்பக்கம் இருப்பவர் தலையில் விழுகிறது. அவர் ஒழுங்காக விலகினால் பதிவேட்டில் எதுவும் ஏறாது. மோதல் நடக்கவில்லை, ஆகவே விசாரணை இல்லை, ஆகவே தள்ளியவருக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. இடத்தை இழந்தவர் இழந்ததோடு சரி. இத்தனைக்கும் அணியிடம் இல்லாத தகவல் கிடையாது: ஸ்டியரிங் கோணம், பிரேக் அழுத்தம், இருவரின் வானொலிப் பேச்சு, எல்லாம் அவர்கள் கணினியில் இருக்கிறது. நடுவர்களைவிட நுணுக்கமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவர்கள் அவர்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்சிலோனாவுக்குத் திரும்பினால் அந்த இரண்டு நொடிகள் வேறு மாதிரித் தெரிகின்றன. ரோஸ்பெர்க் அந்த ஆண்டின் முதல் நான்கு பந்தயங்களையும் வென்று, ஹாமில்டனின் 57-க்கு எதிராக 100 என்று 43 புள்ளி முன்னிலையில் இருந்தார். முந்தைய ஆண்டு இருமுறை விலகி இருமுறை இழந்தவர் இனி விலகப்போவதில்லை என்று முடிவெடுத்திருந்தால் அதில் வியப்பில்லை. இருவரும் புள்ளி இல்லாமல் போனால் முன்னிலை அப்படியே இருக்கும், மீதிப் பந்தயங்களில் ஒன்று குறையும். ஹாமில்டனுக்கோ, சிவப்பு விளக்கு மினுங்கும் ஒரு காரின் பின்னால் கால் எடுப்பது என்பது 43 புள்ளியை 50 ஆக்கிவிடக்கூடிய செயல் (முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 18). ரோஸ்பெர்க் வேண்டுமென்றே மோதினார் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று எதுவும் இல்லை. விலகுவதற்கு இருவருக்கும் ஒரு காரணத்தைக்கூட அணி மிச்சம் வைக்கவில்லை என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த மாதமே கனடாவின் மான்ட்ரியலில், முதல் வளைவில் மீண்டும் உரசல். இந்த முறையும் உட்பக்கம் ஹாமில்டன், வெளிப்பக்கம் ரோஸ்பெர்க். புல்லுக்குப் போனவர் ரோஸ்பெர்க். ஹாமில்டன் வென்றார், ரோஸ்பெர்க் ஐந்தாவது.

ஆஸ்திரியா, கடைசிச் சுற்று

ஜூலை 3. ரெட் புல் ரிங் தடம். 71 சுற்றுப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ரோஸ்பெர்க் முதலிடம், ஹாமில்டன் அவர் முதுகில். ரோஸ்பெர்க்கின் பிரேக் அமைப்பு பழுதாகிக்கொண்டிருந்தது. முதல் வளைவில் அவர் சறுக்க, ஹாமில்டன் இரண்டாம் வளைவை நோக்கி வெளிப்பக்கமாக ஏறிவந்தார். இப்போது இடங்கள் மாறியிருந்தன. உட்பக்கம் ரோஸ்பெர்க். அவர் செய்ய முயன்றது, சுசுகாவிலும் ஆஸ்டினிலும் மான்ட்ரியலிலும் தனக்குச் செய்யப்பட்டதையே. ஆனால் அளவு தவறியது. வலப்பக்கம் திரும்ப வேண்டிய வளைவில் அவர் நெடுநேரம் திரும்பவே இல்லை, நேராகப் போய்க்கொண்டிருந்தார். ஹாமில்டன் தாராளமாக இடம் விட்டு, தாமதமாகத்தான் திரும்பினார். அப்படியும் கார்கள் மோதின. ரோஸ்பெர்க்கின் முன் இறக்கை உடைந்து காரின் அடியில் சிக்கியது. ஹாமில்டன் வென்றார், ரோஸ்பெர்க் நான்காவதாக ஊர்ந்து வந்தார்.

இங்கே எனக்கு ஐயமே இல்லை: தவறு ரோஸ்பெர்க்குடையது. நடுவர்களும் அப்படித்தான் முடிவெடுத்து 10 நொடி தண்டனை கொடுத்தார்கள். பின்னால் வந்தவர் வெகு தொலைவில் இருந்ததால் நான்காம் இடம் மாறவில்லை. முன்னிலை 24-இல் இருந்து 11 ஆனது. பெல்ஜியத்தோடு ஒப்பிட்டால், ஒருவகையில் இது நியாயமான மோதல்: தவறு செய்தவரே விலை கொடுத்தார். அதற்குக் காரணம் அணியின் விதி அல்ல, உடைந்த இறக்கை.

அடுத்த சில நாட்களில் மெர்சிடிஸ் தன் போர்விதிகளை இறுக்கியது. சுதந்திரமாகப் போராடலாம், ஆனால் மோதினால் முன்பைவிடக் கடுமையான விளைவு உண்டு என்று அறிவித்தது. கவனியுங்கள், மறுபடியும் மோதல்தான் குற்றம். யார் யாரைத் தள்ளினார்கள் என்பது அந்த அறிவிப்பில் எங்கும் இல்லை.

பிற அணிகள் வேறு வழிகளை முயன்றிருக்கின்றன. 1989-இல் இத்தாலியின் இமோலாவில் மெக்லாரன் அணியின் ஓட்டுநர்கள் சென்னாவுக்கும் புரோஸ்டுக்கும் இடையே, தொடக்கத்தில் ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற ஒப்பந்தம் இருந்தது. மறுதொடக்கத்துக்கு அது பொருந்துமா என்ற சண்டையில் உறவே முறிந்தது. அதே மெக்லாரன், 2025-இல், மெர்சிடிஸ் தொடாத இடத்தைத் தொட முயன்றது. இத்தாலியின் மான்சாவில், டயர் மாற்ற நிற்கும் பிட் ஸ்டாப் மெதுவானதால் அதன் ஓட்டுநர் லாண்டோ நாரிஸ் இடத்தை இழந்தபோது, சக ஓட்டுநர் ஆஸ்கர் பியாஸ்திரியிடம் இரண்டாம் இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தன் தவறால் அல்லாமல் இழந்தவருக்கு இழந்ததைத் தருவது என்ற கொள்கை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அதே ஆண்டு சிங்கப்பூரில் முதல் சுற்றில் நாரிஸ், வெர்ஸ்டாப்பனின் காரை உரசி, அந்த வேகத்தில் பியாஸ்திரியைத் தள்ளி இடம் பிடித்தபோது, பந்தயத்தின் நடுவே அந்த இடம் திரும்பி வரவில்லை. இது நியாயமில்லை என்று பியாஸ்திரி வானொலியில் குமுறினார். அவர் பக்கம்தான் நான். பிட் ஸ்டாப்பில் பறிபோன இடத்தைத் திருப்பித் தரும் அணி, சக்கரத்தால் பறிபோன இடத்தை ஏன் திருப்பித் தரக் கூடாது?

மெர்சிடிஸுக்கும் அன்று இதைச் செய்ய முடிந்திருக்கும். கனடாவிலோ, ஆஸ்டினிலோ, "இந்த வளைவில் நீ இடம் விடவில்லை, அடுத்த சுற்றில் இடத்தைத் திருப்பிக் கொடு" என்று ஒரே ஒருமுறை சொல்லியிருந்தால், விலகுவது முட்டாள்தனம் என்ற கணக்கு இருவர் மனத்திலும் உடைந்திருக்கும். தலைமை அன்று பொறுமையாக இருந்ததைப் பலர் பாராட்டினார்கள். எனக்கு அது பொறுப்பைத் தட்டிக்கழித்ததாகவே படுகிறது.

ஆஸ்திரியாவுக்குப் பிந்தைய 12 பந்தயங்களில் இருவரும் மோதவில்லை. அருகருகே போராடியதும் அரிது. பட்டம் ரோஸ்பெர்க் 385, ஹாமில்டன் 380 என்று 5 புள்ளியில் முடிந்தது. மலேசியாவின் செப்பங்கில் முன்னணியில் இருந்தபோது வெடித்த ஹாமில்டனின் எஞ்சின்தான் அதைப் பெரிதும் தீர்மானித்தது என்பது உண்மை. ஆனாலும் பார்சிலோனாவில் இருவரும் முதலிரு இடங்களில் முடித்திருந்தால், யார் வென்றிருந்தாலும், வித்தியாசம் 7 புள்ளி மாறியிருக்கும்.

நவம்பர் 27 அன்று அபுதாபியில், முதலிடத்தில் இருந்த ஹாமில்டன், ரோஸ்பெர்க்கைப் பின்னால் வருபவர்களிடம் சிக்கவைக்க வேகத்தைக் குறைத்தார். வேகத்தைக் கூட்டும்படி அணி வானொலியில் உத்தரவே இட்டது. அவர் கேட்கவில்லை. அந்தச் செயலில் நான் குற்றம் காணவில்லை. யாரையும் தொடவில்லை, யாரையும் தடத்தை விட்டுத் தள்ளவில்லை. ரோஸ்பெர்க்குக்கு முந்துவதற்குத் தடத்தின் முழு அகலமும் இருந்தது. சக ஓட்டுநர்மீது ஹாமில்டன் எடுத்த நடவடிக்கைகளில் மிக நேர்மையானது அதுதான். அணி கடுமையாகத் தலையிட்டதும் அதில்தான். ரோஸ்பெர்க் இரண்டாவதாக முடித்து உலகப் பட்டம் வென்றார். ஐந்து நாட்கள் கழித்து, டிசம்பர் 2 அன்று, ஓய்வை அறிவித்தார்.